ரிவர்ஸ் லைட்டும் ஒரு சிவப்பு ஒயரும்: ஜி.பி. ரோட்டில் அப்பாவோடு ஒரு சனிக்கிழமை

"சீட் கவரா மேடம்? மேட்டா? ஸ்டீரியோவா?"

கார் இன்னும் முழுசாக நிற்கக்கூட இல்லை. அதற்குள் ஜன்னல் ஓரத்தில் மூன்று பேர். ஒருவர் கையில் லேமினேட் செய்த விலைப் பட்டியல். இன்னொருவர் கையில் சீட் கவர் துணிகளைச் சாவிக்கொத்து மாதிரி கோத்த வளையம். மூன்றாமவர் எதையும் கேட்கவே இல்லை. "சார், அப்படியே லெஃப்ட்ல ஒடிச்சு பின்னாடி வாங்க... வாங்க... வாங்க..." என்று கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஸ்டீயரிங்கில் இருந்த அப்பா கியர் மேல் கையை வைத்தார். ஆனால் ரிவர்ஸ் போடவில்லை. கீழே இறங்கினார். பின்னாடி போய், பக்கத்து காருக்கும் எங்கள் காருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று கண்ணாலேயே அளந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "நீ பின்னாடி நின்னு சொல்லும்மா" என்றார் என்னிடம்.

முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிற மனிதர். பொங்கலிலிருந்து, அதாவது ஒன்றரை மாதமாக, இப்படித்தான் இருக்கிறார். நாங்கள் அந்தச் சனிக்கிழமை காலை குரோம்பேட்டையிலிருந்து கிளம்பி ஜி.பி. ரோட்டுக்கு வந்ததே அதனால்தான். காருக்குப் பின்பக்க டேஷ் கேமரா மாட்ட வேண்டும்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஜி.பி. ரோடு பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான் ஜி.பி. ரோடு. பெயரில் வெள்ளைக்கார ஜெனரல் இருந்தாலும், நம் ஊரில் அவரை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புதுக் கார் வாங்குகிறவர்கள் ஷோரூமில் சாவி வாங்குவார்கள், கோயில் வாசலில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், மூன்றாவதாக இங்கேதான் வருவார்கள். சீட் கவர், ஸ்டீயரிங் உறை, ஹாரன், ஸ்பீக்கர், ஃபாக் லேம்ப், டேஷ்போர்டில் ஒட்டுகிற பிள்ளையார், மாதா, 786 என்று கடைக்குக் கடை தொங்குகிறது. கூவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் புதுப்பேட்டை. அங்கே பழைய காரைப் பிரித்து விற்பார்கள். இங்கே புதுக் காரைச் சிங்காரித்து அனுப்புவார்கள். ஒரு காருக்குப் பிறந்த வீடும் போகிற வீடும் ஒரே நதிக்கரையில்!

இந்தப் பக்கத்துக்கும் வண்டிகளுக்கும் இருக்கும் சொந்தம் பழையது. அண்ணா சாலையில் ஒரு பஸ் ஸ்டாப்புக்கே பெயர் கொடுத்திருக்கும் சிம்ப்சன் நிறுவனம் 1840-ல் தொடங்கியபோது செய்தது குதிரைகள் இழுக்கிற கோச் வண்டிகளைத்தான். அந்த வண்டிகளுக்கும் மெத்தை, விளக்கு, திரைச்சீலை என்று யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்திருப்பார் இல்லையா? அவருடைய கொள்ளுப் பேரன்கள்தான் இப்போது என் ஜன்னல் ஓரம் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜி.பி. ரோட்டில் கடை என்பது பெரும்பாலும் பில் போடுகிற இடம்தான். வேலை நடப்பது தெருவில். காரின் நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து வைத்து, சீட்டைக் கழற்றி பிளாட்பாரத்தில் சாய்த்து, அங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். நடந்து போகிறவர்கள் சீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். டீக்காரப் பையன் ஒரு காரின் ஒரு கதவு வழியாக டீ கொடுத்து, மறு கதவு வழியாகக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்.

சரி, பொங்கல் கதைக்கு வருகிறேன்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்கள் சொந்த ஊர். ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, அங்கே இருக்கிறார். பொங்கல் முடிந்து எல்லோரையும் போல நாங்களும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தோம். அந்த நாளில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்பதைத் தென் மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு 'டொம்'. அம்மா மடியில் இருந்த முறுக்கு டப்பா கீழே விழுந்தது.

இறங்கிப் பார்த்தால் ஒரு வேன். எங்கள் பின் பம்பர் உள்ளே போயிருந்தது, அவர் வண்டியில் ஒரு ஹெட்லைட் உடைந்திருந்தது. நாங்கள் வாய் திறப்பதற்குள் வேன் டிரைவர் ஆரம்பித்துவிட்டார். "ஏன் சார், லைன் மாறி வந்துட்டு ரிவர்ஸ் எடுப்பீங்களா? பின்னாடி வண்டி நிக்குறது தெரியலையா?"

"நான் ரிவர்ஸே எடுக்கலையே" என்றார் அப்பா.

"ரிவர்ஸ் லைட் எரிஞ்சுது சார். நான் பார்த்தேன்."

அவ்வளவுதான். சுற்றி நின்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. தப்பான வரிசையில் நுழைந்துவிட்டு ரிவர்ஸ் எடுக்கும் வண்டிகளைச் சுங்கச்சாவடியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் கதை பொருந்தியது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். "வயசானவர், விடுங்கப்பா" என்று ஒருவர் அப்பாவுக்கு ஆதரவாகப் பேசினார். அந்த ஆதரவுதான் அப்பாவை அதிகமாகக் குத்தியது என்று நினைக்கிறேன். கடைசியில் ஹெட்லைட்டுக்கு என்று 3,500 ரூபாயை என் போனிலிருந்தே அனுப்பிவிட்டுக் கிளம்பினோம்.

பணம் போனது பெரிய விஷயமில்லை. தாம்பரம் தாண்டும்போது அப்பா மெதுவாக, "நான் ஒருவேளை போட்டிருப்பேனோ?" என்றார்.

"என்னப்பா?"

"ரிவர்ஸ்."

அப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். லைன் ஆஃப் என்று துணை மின் நிலையத்திலிருந்து சொன்னாலும், கம்பத்தில் ஏறியவர் சொன்னாலும், தானே ஒரு முறை சோதிக்காமல் கம்பியைத் தொடாதவர். வீட்டில் மிக்ஸியை ரிப்பேர் பார்த்தால்கூட, பிளக்கைப் பிடுங்கி எதிரில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். அப்படிப்பட்டவருக்குத் தன் கை என்ன செய்தது என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஊருக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய்வந்தார். கார் நின்றபடியே இருந்தது. "வித்துடலாமா?" என்று ஒருநாள் காபி குடித்துக்கொண்டே கேட்டபோதுதான், நான் டேஷ் கேமரா தேட ஆரம்பித்தேன்.

முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு கேமரா வருகிற செட் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ரியர் கேமரா தனியாக வேலை செய்யாது. முன் கண்ணாடியில் இருக்கும் மெயின் யூனிட்டிலிருந்துதான் அதற்கு கரன்ட் போக வேண்டும், அதன் படமும் அங்கே வந்துதான் பதிவாக வேண்டும். அதற்காக ஆறு மீட்டர் நீளத்தில் ஓர் ஒயர் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அந்த ஆறு மீட்டரை யார் கண்ணிலும் படாமல் கார் முழுக்க ஓட்டுவதுதான் மொத்த வேலையே.

"உள்ளே பேட்டரியா, கெப்பாசிட்டரா?" என்று அப்பா கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அது சரியான கேள்வி. சில டேஷ் கேமராக்களுக்குள் சின்ன லித்தியம் பேட்டரி இருக்கும். வெயிலில் நிற்கிற காரின் கண்ணாடியில் ஒட்டியே கிடந்தால் அது நாளடைவில் உப்பிப் போகும். அந்த இடத்தில் சூப்பர் கெப்பாசிட்டர் இருந்தால் சூட்டைத் தாங்கும். சென்னை மாதிரி ஊரில் இதைக் கேட்காமல் வாங்காதீர்கள். மெமரி கார்டும் அப்படித்தான். போனில் போடுகிற சாதாரண கார்டு, நாள் முழுக்க எழுதி எழுதி அழிப்பதைத் தாங்காது. 'ஹை எண்டியூரன்ஸ்' என்று தனியாக வருகிறது. கேமரா, கார்டு, மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 9,800 ரூபாய் ஆனது.

மாட்டிக்கொடுக்க வந்த அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர், வாயில் இரண்டு பிளாஸ்டிக் கிளிப், கூடவே பத்தொன்பது இருபது வயதில் ஒரு தம்பி. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர், பம்பரின் பள்ளத்தைத் தடவிவிட்டு, "யாரோ நல்லா வச்சுட்டான் போல" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை.

வேலை முன்பக்கம் இருந்து ஆரம்பித்தது. ஃப்யூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்ததும், அப்பா பின் சீட்டிலிருந்து இறங்கி முன்னால் வந்து குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு மதியம் வரை அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

காரின் பேட்டரி 12 வோல்ட். கேமராவுக்கு வேண்டியது 5 வோல்ட். நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. அதிலிருந்து மூன்று ஒயர் வருகிறது. மஞ்சள், எப்போதும் கரன்ட் இருக்கிற ஃப்யூஸுக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற ஃப்யூஸுக்கு. கறுப்பு எர்த், காரின் உடம்பில் ஒரு போல்ட்டுக்கு. சிலர் இந்த ஃப்யூஸ் வேலையே வேண்டாம் என்று சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிவிட்டுப் போய்விடுவார்கள். தப்பில்லை, ஆனால் டேஷ்போர்டு முழுக்க ஒயர் தொங்கும். வீட்டில் யாராவது போன் சார்ஜ் போட அதைப் பிடுங்கிவிட்டு, திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது நிச்சயம் அம்மாவாக இருந்திருக்கும்.

"பெயின்ட் மேல எர்த் கொடுக்காதீங்க" என்றார் அப்பா.

"சுரண்டித்தான் சார் கொடுப்பேன்" என்றார் அண்ணன். பிறகு, "சார் எலக்ட்ரிக்கலா?" என்றார்.

"ஈ.பி."

"அதான பார்த்தேன்!"

அந்த நிமிஷத்திலிருந்து இருவரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். 'சார்' என்பது 'அண்ணே' ஆனது. அண்ணன் டெஸ்ட் லேம்ப்பை அப்பா கையில் கொடுத்து, "நீங்களே பாருங்கண்ணே" என்றார். அப்பா ஒவ்வொரு ஃப்யூஸாகத் தொட்டு, "இது ஆன்... இது சாவி போட்டாதான்..." என்று சொல்லிக்கொண்டே போனார். பல நாள் கழித்து அவர் குரலில் அந்த ஃபோர்மேன் தொனி வந்ததை நான் கவனித்தேன். ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மஞ்சள் ஒயரை இணைத்தாலும் 'பார்க்கிங் மோட்' வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கார் நிற்கும்போதும் கேமரா காவல் காக்கிற வசதி அது. பேட்டரி வோல்ட்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும் ஏற்பாடு அந்தத் தீப்பெட்டி டப்பாவில் இருக்கிறது. "இருந்தாலும் உங்க பேட்டரி வயசானது. நீங்க வண்டிய நாலு நாள் எடுக்காம நிறுத்துறவங்க. காலையில சாவி போட்டா 'டிக் டிக்'னுதான் சொல்லும்" என்றார்.

அடுத்து ஒயர் ஓட்டுகிற வேலை. முன் கண்ணாடியின் மேல் விளிம்பில், கூரைத் துணிக்குள் பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஒன்றை விட்டு லேசாக நெம்பி, ஒயரை விரலால் உள்ளே தள்ளுகிறார். கண்ணுக்கு எதிரில் ஒயர் மறைகிறது. பக்கத் தூண் அருகே வந்ததும் நிறுத்தி, "கர்ட்டன் ஏர்பேக் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் காரில் முன்பக்கம் இரண்டு மட்டும்தான். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற கார் என்றால், தூணின் உறையைக் கழற்றி, ஒயரை ஏர்பேக்குக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அதன் குறுக்கே ஒயர் போனால், விரிகிற நேரத்தில் அது எங்கே இழுக்கும், எதைப் பிடுங்கும் என்று சொல்ல முடியாது. "யூடியூப் பார்த்து வீட்லயே மாட்டுறவங்க இதுலதான் தப்பு பண்றாங்க" என்றார். வீட்டிலேயே மாட்டலாமா என்று யூடியூப் பார்த்துவிட்டு வந்த நான், ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினேன்.

கதவு ரப்பர் பீடிங்குக்குள் ஒயர் சுலபமாக ஓடியது. கஷ்டம் டிக்கி கதவில் ஆரம்பித்தது. ஹேட்ச்பேக் காரில் கூரையிலிருந்து டிக்கி கதவுக்கு ஒயர்கள் ஒரு ரப்பர் குழாய்க்குள் போகும். கதவைத் திறந்தால் தெரியும், யானைத் தும்பிக்கைக் குட்டி மாதிரி இருக்கும். அதற்குள் ஏற்கெனவே ஒயர்கள் நிறைந்திருக்கின்றன. புது ஒயரும் அதற்குள்தான் போக வேண்டும். வெளியே விட்டால் கதவு மூடும்போதெல்லாம் நசுங்கும், ஒரு மழைக்காலம் தாண்டாது. தம்பி ஒரு விறைப்பான கம்பியின் முனையில் ஒயரைச் சேர்த்து டேப் சுற்றி, சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு உள்ளே விட்டார். இருபது நிமிடம். கம்பி வராது, வெளியே எடுப்பார், திரும்ப விடுவார். அப்பா ரப்பரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வெயில் உச்சியில் இருந்தது. தெருவில் ஒரு காருக்கு சப்வூஃபர் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வயிற்றுக்குள் இளையராஜா அதிர்ந்தார். கம்பியின் முனை வெளியே எட்டிப் பார்த்தபோது, நான் மட்டுமில்லை, பக்கத்தில் சும்மா நின்ற இரண்டு பேரும் சேர்ந்து கை தட்டினார்கள்.

பின் கண்ணாடியின் உள்பக்கம், மேலே நடுவில் கேமராவை ஒட்டினார். கண்ணாடியில் பனி போக்குகிற கோடுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் மேல் ஒட்டக் கூடாது. வைப்பர் துடைக்கிற பகுதிக்குள் இருந்தால் நல்லது, மழையிலும் படம் தெளிவாக இருக்கும். "ஃபிலிம் ஒட்டலையே, நல்லதாப் போச்சு" என்றார். கறுப்பு ஃபிலிமுக்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. அது இருந்தால் ராத்திரியில் கேமராவுக்கும் ஒன்றும் தெரியாது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். கேமராவிலிருந்து மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எதுக்குண்ணா?"

"ரிவர்ஸ் லைட்டுக்கு. இத அதுல கொடுத்துட்டா, ரிவர்ஸ் போட்டதும் முன்னாடி ஸ்கிரீன்ல பின்பக்கம் முழுசா வரும், கோடு போட்டுக் காட்டும். ரெக்கார்டிங்குக்கு இது தேவையில்ல. கொடுத்தா வசதி."

ரிவர்ஸ் லைட் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

எங்கள் கார் மாதிரி பல சின்னக் கார்களில் ரிவர்ஸ் லைட் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்க விளக்கின் போல்ட்டைக் கழற்றி வெளியே இழுத்து, "அண்ணே, சாவி ஆன் பண்ணி ரிவர்ஸ் போடுங்க" என்றார் அண்ணன். அப்பா உள்ளே போய் உட்கார்ந்தார். கியரை மாற்ற ஒரு நொடி அதிகமாகவே எடுத்துக்கொண்டார். 'டக்' என்று ரிவர்ஸ் விழுந்த சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

லைட் எரியவில்லை.

"அண்ணே, ரிவர்ஸ் போட்டீங்களா?"

"போட்டிருக்கேன்!" உள்ளேயிருந்து அப்பாவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "நீங்க வந்து பாருங்க, போட்டிருக்கேன்!"

அண்ணன் ஒயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். டெஸ்ட் லேம்ப் எரிந்தது. "கரன்ட் வருது. பல்புதான் அவுட்" என்று சாக்கெட்டைத் திருகிக் கையில் எடுத்தார். பல்பின் உள்ளே கறுத்துக் கிடந்தது. சாக்கெட்டின் செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது.

அப்பா இறங்கி வந்து சாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பச்சை எத்தன நாள்ல வரும்?" என்று கேட்டேன்.

"ஒரு மழைக்காலமாவது பார்த்திருக்கும்மா" என்றார் அண்ணன். "இடிச்சதுல போன பல்பா இருந்தா உள்ள கம்பி அறுந்து கண்ணாடி வெள்ளையா இருக்கும். இது தானா எரிஞ்சு போனது. ரொம்ப நாளாவே எரிஞ்சிருக்காது."

பொங்கலுக்கு முன்பே போயிருக்க வேண்டும் என்று அர்த்தம். அதாவது, பரனூரில் அந்த டிரைவர் 'பார்த்த' விளக்கு எரிகிற நிலையிலேயே இல்லை!

நான் அப்படியே குதித்திருப்பேன். அப்பா குதிக்கவில்லை. "ரிவர்ஸ் லைட் இல்லாம இத்தன நாள் ஓட்டியிருக்கேன், பாரு" என்றார் முதலில். அதுவும் உண்மைதான். அன்று காலை பின்னால் நின்று "வாங்க வாங்க" சொன்ன நானும்தான் கவனிக்கவில்லை. பிறகு பல்பைக் கைக்குட்டையில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிளாட்பாரத்தில் சாய்த்திருந்த யாருடைய சீட்டிலோ உட்கார்ந்து, "ஒரு டீ சொல்லும்மா. எல்லாருக்கும்" என்றார். அண்ணனிடம் முழுக் கதையையும் சொன்னது அப்போதுதான். ஒன்றரை மாதமாக எங்களிடம் பேசாததையெல்லாம், முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார்.

புது பல்பும் சாக்கெட்டும் சேர்த்து 120 ரூபாய். சிவப்பு ஒயரை இணைத்து, அப்பா ரிவர்ஸ் போட, முன்னால் இருந்த சின்னத் திரையில் ஜி.பி. ரோடு தலைகீழாக இல்லாமல் நேராக வந்து நின்றது. "தேதி, நேரம் மட்டும் நீங்க செட் பண்ணிக்குங்க மேடம், மெனுவுல இருக்கு" என்றார் அண்ணன். "ம்ம்" என்றேன்.

இந்த இடத்தில் நிருபராக ஒரு சின்னத் தகவல். கேமரா இருக்கிறது என்பதாலேயே வழக்கு ஜெயித்துவிடாது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. வீடியோ மாதிரி மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டுமானால், அதன் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் அந்த ஃபைலின் 'ஹேஷ்' எண்ணும் இருக்க வேண்டும். ஃபைலில் ஓர் இடம் மாறினாலும் இந்த எண் மாறிவிடும். ஆகவே விபத்து நடந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள். கார்டை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கார்டு நிறைந்ததும் பழைய வீடியோவின் மேலேயே புதியது எழுதப்படும். குலுங்கினால் அந்தப் பகுதியைக் கேமரா தானாக லாக் செய்யும். லேசான இடி என்றால் செய்யாமலும் விடலாம். அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. நீங்களே அழுத்திவிடுவது நல்லது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பினோம். காரில். அப்பா ஓட்டினார். அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "நான் பேசுறதெல்லாம் இதுல பதிவாகுமா?" ஆகும் என்றதும் செங்கல்பட்டு வரை வாயே திறக்கவில்லை. பிறகு நான் மைக்கை ஆஃப் செய்ததும், விட்ட இடத்திலிருந்து என் பெரியம்மா மருமகளைப் பற்றித் தொடர்ந்தார்.

பரனூரில் வரிசை கொஞ்சமாகத்தான் இருந்தது. அப்பா பின்பக்கப் படத்தைத் திரையில் கொண்டுவரச் சொன்னார். பின்னால் ஒரு நீலக் கார், நல்ல இடைவெளி விட்டு. அதில் முன் சீட்டில் ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. ஃபாஸ்டேக் பீப் அடித்தது, தடுப்பு உயர்ந்தது, போனோம். ஒன்றும் நடக்கவில்லை. மதுராந்தகம் ஏரிக்கரை வந்ததும் அப்பா பாட்டு போடச் சொன்னார்.

ஊரில் ஆயா பம்பரைப் பார்த்து, "யாருடா இடிச்சது?" என்று கேட்டார். "ஒரு வேன்காரன்மா" என்றார் அப்பா. 'ஒருவேளை நானோ' என்று சொல்லவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து, கேமராவின் வைஃபையில் போனை இணைத்து, நாள் முழுக்கப் பதிவானதைச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். பெரும்பாலும் ரோடு, லாரி, ரோடு. ஊரிலிருந்து கிளம்பிய இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

எங்கள் தெருவில் கார் நகர்கிறது. வாசலில் கையசைத்துக்கொண்டிருந்த ஆயா, கார் கொஞ்ச தூரம் போனதும் தெருவுக்கு நடுவில் வந்து நிற்கிறார். கை இறங்கிவிட்டது. வெயில் மறைக்க நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறார். கார் மாரியம்மன் கோயில் திருப்பத்தில் திரும்பும் வரை, சின்னதாகிச் சின்னதாகி, அங்கேயே நிற்கிறார். இத்தனை வருடங்களில் எங்களில் ஒருவரும் இதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் முன்னால்தானே பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்பா அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

"கார்டு நெறைஞ்சா இதுவும் அழிஞ்சுடுமா?"

"லாக் பண்ணிட்டா அழியாதுப்பா." லாக் செய்தேன். போனிலும் ஒரு நகல் எடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தவர், "என்ன இது?" என்றார். வீடியோவின் கீழே தேதி 2020 ஜனவரி 1 என்று ஓடிக்கொண்டிருந்தது. ஜி.பி. ரோடு அண்ணன் சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இந்தத் தேதியக் கொண்டுபோய்க் காட்டினா எவன் நம்புவான்? சின்ன வேலையச் செய்யாம விட்டா இப்படித்தான்" என்று ஃபோர்மேன் குரலில் ஆரம்பித்தார். பத்து நிமிடம் திட்டினார். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"வா, இப்பவே செட் பண்ணிடலாம். வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி ஊருக்குப் போகணும்."